விடியலைத் தடுத்தாரா தாத்தா? பழைய ஆங்கிலச் சொற்களும் அகராதியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தாத்தா வைத்திருந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. 119ஆம் சங்கீதத்தில் 147ஆம் வசனத்தை அவர் பென்சிலால் கோடிட்டிருக்கிறார்: 'ஐ பிரிவென்டட் த டானிங் ஆஃப் த மார்னிங்'. கைபேசி அகராதி 'பிரிவென்ட்' என்றால் தடு என்கிறது. விடியலை யார் தடுக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். 'தௌ', 'தீ', 'தை' எல்லாம் கடவுளுக்கான மரியாதைச் சொற்களா, இப்படிப்பட்ட சொற்களுக்கு எந்த அகராதி வாங்கலாம், பைபிளுக்குள் கிடந்த 1938ஆம் வருடக் கடிதத்தில் தேதிகளோடு வரும் 'அல்ட்.', 'ப்ராக்ஸ்.' என்னவென்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விடியல். உங்கள் தாத்தா கோடிட்ட வரிக்குப் பொருள், 'பொழுது விடியும் முன்பே எழுந்துவிட்டேன்' என்பதுதான். 'பிரிவென்ட்' லத்தீனிலிருந்து வந்த சொல். 'ப்ரே' என்றால் முன், 'வெனீரே' என்றால் வருதல். முன்னால் வருவது, முந்திக்கொள்வது. ஒருவருக்கு முன்னால் போய் நின்றால் அவருக்கு வழி அடைபடும் அல்லவா? அப்படித்தான் பின்னாளில் 'தடு' என்ற பொருள் ஏறி, பழைய பொருளை முழுக்க விழுங்கிவிட்டது. 1611இல் அந்த பைபிள் அச்சானபோது 'முந்து' என்ற பொருள் உயிரோடு இருந்தது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி தமிழிலேயே இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் 4ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தை இரண்டு பைபிளிலும் எடுத்து வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஷால் நாட் பிரிவென்ட் தெம்' என்று இருக்கும் இடத்தில், பழைய தமிழ் பைபிள் 'முந்திக்கொள்வதில்லை' என்கிறது. 'சஃபர் லிட்டில் சில்ட்ரன்' என்ற புகழ்பெற்ற வரியும் அப்படித்தான். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குக் குழந்தைகள் துன்பப்பட வேண்டும் என்பதுபோல் கேட்கும். தமிழில் 'இடங்கொடுங்கள்' என்று இருக்கிறது. 'சஃபர்' என்றால் அனுமதி, இடம் கொடு. எனவே அந்தப் புத்தகத்தைப் படிக்க உங்களுக்கு முதலில் வேண்டியது அகராதியே இல்லை. வீட்டில் இருக்கும் பழைய தமிழ் பைபிளைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். சொல்லுக்குச் சொல் அதைவிட நல்ல துணை கிடைக்காது.

இன்னொரு இடத்தையும் காட்ட வேண்டும். மாற்கு 6ஆம் அதிகாரத்தில் ஏரோதியாளின் மகள் யோவான்ஸ்நானனின் தலையைக் கேட்கிறாள். 'பை அண்ட் பை இன் எ சார்ஜர்' கொடுக்க வேண்டுமாம். இன்று படிப்பவர் 'சார்ஜர்' என்றதும் கைபேசிக்குப் போய்விடுவார். அது பெரிய தட்டு, விருந்தில் முழு இறைச்சியைக் கொண்டுவந்து வைக்கும் தாம்பாளம். சரி, அந்தச் சொல் வினோதமாக இருப்பதால் யாரும் நின்று அகராதியைப் பார்ப்பார்கள். மாட்டிக்கொள்ள வைப்பது 'பை அண்ட் பை'. 'போகப் போக, பிறகொரு நாள்' என்று இன்றைய பொருளில் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அவள் கேட்டதோ 'இப்போதே, இந்த நிமிடமே'. ராஜா மனம் மாறும் முன் காரியம் முடிய வேண்டும் என்ற அவசரம் மொத்தமும் அந்த மூன்று சிறிய சொற்களில்தான் இருக்கிறது. அதே காலத்து 'பிரசென்ட்லி', 'அனான்' இரண்டும்கூட 'உடனே' என்றிருந்து 'கொஞ்ச நேரத்தில்' என்று தளர்ந்தவை. 'இதோ வந்துட்டேன்' என்று நாம் சொல்லிச் சொல்லி அந்த 'இதோ' நீண்டுபோனது போலத்தான்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் இதில் அடங்கிவிடும். தெரியாத பழைய சொல் யாரையும் ஏமாற்றாது, அது அகராதியை நோக்கி நம்மைத் தள்ளிவிடும். தெரிந்த முகத்தோடு வரும் சொல்தான் ஏமாற்றும். 'கார்ன்' என்று பழைய ஆங்கிலத்தில் படித்தால் மக்காச்சோளம் என்று எண்ணக்கூடாது, அது பொதுவாகத் தானியம், இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமை. 'மீட்' என்றால் உணவு, எந்த உணவும். 'குவிக்' என்றால் உயிருள்ள. பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் 'குவிக் சில்வர்' என்று பெயர் வந்தது அதனால்தான், உயிருள்ளது போல் ஓடும் வெள்ளி. நகத்தை ஒட்ட வெட்டும்போது வலிக்கும் சதைக்கு இன்னமும் 'குவிக்' என்றே பெயர்.

இதெல்லாம் சீமைக்காரர்களின் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் படியுங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோள் அங்கே இருக்கும். இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்' போகவிட வேண்டும் என்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'லெட்' என்றால் விடு, அனுமதி. இந்த 'லெட்' அதற்கு நேர் எதிர்: தடை. இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும் வேறு வேறு வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைப் பின்தொடரும்போது, தன்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று சீறுகிறான். மறிப்பவனை என்று பொருள். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிவிட்டுக் கட்டத்துக்குள் விழுந்தால் 'லெட்' என்று சொல்லி மறுபடி போடச் சொல்கிறார்களே, அங்கேயும் இந்தச் சொல்தான் என்பார்கள்.

அப்புறம் வீட்டுப் பத்திரம். ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிய பவர் ஆஃப் அட்டர்னி ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் 'நோ ஆல் மென் பை தீஸ் பிரசன்ட்ஸ்' என்று ஆரம்பிக்கும். ஒரு மொழிபெயர்ப்பில் 'இந்தப் பரிசுகளின் மூலம் எல்லா மனிதரும் அறிக' என்று எழுதியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இங்கே 'பிரசன்ட்ஸ்' என்றால் கையில் இருக்கும் இந்த ஆவணம். ஆங்கிலேயச் சட்டத்துக்குள் பிரெஞ்சு புகுந்திருந்த காலத்து மிச்சம் அது. 'இந்த எழுத்தால் அனைவரும் அறிவதாவது' என்றால் சரியாக வந்துவிடும். விற்பனைப் பத்திரத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் 'விட்னெஸ்ஸெத்' என்று ஒரு சொல் தனியாக நிற்கும். பலரும் அதை ஏதோ சட்டக் கலைச்சொல் என்று பயபக்தியோடு பார்க்கிறார்கள். வினைச்சொல்லின் கடைசியில் 'எத்' வந்தால், இன்று அந்த இடத்தில் 'எஸ்' போடுவோம், அவ்வளவுதான். இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது. பைபிளில் வரும் 'கமெத்', 'கோயெத்' எல்லாம் இதே இலக்கணம்தான், 'ஹேத்', 'டத்' அதன் சுருங்கிய வடிவங்கள். நீதிமன்றத் தீர்ப்புகளில் 'த இன்ஸ்டன்ட் கேஸ்' என்று இன்றும் எழுதுகிறார்கள். அவசர வழக்கு என்று அதற்குப் பொருள் கிடையாது, 'இந்த வழக்கு' என்று பொருள். இந்த 'இன்ஸ்டன்ட்' உங்கள் கடிதத்துக்கும் உதவும், கடைசியில் வருகிறேன்.

சரி, 'தௌ'. தேவனை அப்படி அழைக்கிறார்கள், ஜெபத்தில் வருகிறது, அதனால் உயர்ந்த மரியாதைச் சொல்லாக இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. 'தௌ' என்றால் நீ. 'யூ' என்றால் நீங்கள். 'தீ' உன்னை, 'தை' உன். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே இரண்டு அடுக்கு இருந்தது. பெரியவரை, முதலாளியை, அறிமுகமில்லாத கனவானை 'யூ' என்பார்கள். குழந்தையை, வேலைக்காரரை, உயிர் நண்பனை 'தௌ' என்பார்கள். கோபத்தில் எதிரியையும் 'தௌ' என்பார்கள், 'நீ யாருடா' என்று நாம் இறங்குவது போல. 1603இல் சர் வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு நடந்தபோது அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், 'உன்னை நீ என்றே சொல்வேன், துரோகியே' என்று பொருள்பட அந்தச் சொல்லையே வினையாக்கி வீசினார். படைவீரர், அரசவைக்காரர், பட்டம் பெற்றவர் ஒருவரைச் சபை நடுவில் 'நீ' என்பது எவ்வளவு பெரிய அறை என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்த மரியாதைக் கணக்கு கிடையாது. அங்கே ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யீ', 'யூ', அவ்வளவே. ராஜாவுக்கும் 'தௌ', திருடனுக்கும் 'தௌ', தேவனுக்கும் 'தௌ'. தமிழ் பைபிள்காரர்கள் தேவனுக்கு 'நீர்' என்று போட்டார்கள், அது நம் மொழியின் மரபு. அந்த ஆங்கில நடை 1611லேயே கொஞ்சம் பழையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு 80 வருடங்களுக்கு மேல் முந்திய டின்டேலின் மொழிபெயர்ப்பு வரிகள் அதில் ஏராளமாக அப்படியே இருக்கின்றன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பொதுப்பேச்சில் 'தௌ' கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. வட இங்கிலாந்துக் கிராமங்களிலும் பைபிளிலும் ஜெபத்திலும் தங்கியது. கோயிலுக்குள் மட்டுமே கேட்கும் சொல்லாகிவிட்டதால், பின்னால் வந்தவர்களுக்கு அது புனிதமான மரியாதைச் சொல்லாகத் தோன்றத் தொடங்கியது.

இந்த நீ, நீங்கள் வித்தியாசத்தை அகராதி சொல்லித் தராது. 'தௌ: யூ என்பதன் பழைய வடிவம்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடும். ஆனால் ஹாம்லெட்டும் அவன் தாயும் தனியறையில் மோதும் காட்சியைத் தமிழ்க் காதோடு கேட்டுப் பாருங்கள். தாய் தொடங்குகிறாள்: 'ஹாம்லெட், நீ உன் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டாய்.' அவள் சொல்லும் அப்பா, கணவன் இறந்த கையோடு அவள் மணந்துகொண்ட கொழுந்தன். மகன் திருப்புகிறான்: 'அம்மா, நீங்கள்தான் என் அப்பாவை ரொம்பப் புண்படுத்திவிட்டீர்கள்.' உடனே அவள் 'யூ' என்று மாறுகிறாள்: 'போதும் போதும், வாய்க்கு வந்தபடி பேசுகிறீர்கள்.' பெற்ற தாய் மகனைத் திடீரென்று 'நீங்கள்' என்று விளித்தால் அந்த அறையில் எவ்வளவு குளிர் இறங்கும்! 'சரிங்க, நீங்க பெரிய மனுஷர்' என்று நம் அம்மாக்கள் சொல்லும்போது இறங்குமே, அதே குளிர். இன்றைய ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவை. நமக்குத் தேவையில்லை.

இன்னொன்றும் நமக்குச் சுலபம். 'ஹித்தர், தித்தர், வித்தர்' என்று மூன்று, 'ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்' என்று மூன்று. பள்ளியில் இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தமிழ்ச் சுட்டெழுத்துகளை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 'ஹ' வந்தால் இ, 'த' வந்தால் அ, 'வ' வந்தால் எ. இங்கே, அங்கே, எங்கே என்று வரச் சொன்னால் முதல் மூன்று. இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து என்று கிளம்பினால் அடுத்த மூன்று. இந்த வரிசையில் சேராதது 'வேர்ஃபோர்'. அது 'ஏன்'. ஜூலியட் மாடத்தில் நின்று 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்பது, நீ எங்கே இருக்கிறாய் என்று தேடுவதாகவே பலரும் நினைக்கிறார்கள். 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்' என்று, பகைக் குடும்பத்தின் பெயரை அவன் சுமப்பதற்காக அவள் ஏங்குகிறாள்.

இனி அகராதி. 'ஆக்ஸ்ஃபோர்டு வீட்டிலேயே இருக்கிறதே' என்று எழுதியிருந்தீர்கள். உங்களிடம் இருப்பது மாணவர் அகராதி. இன்று எந்தப் பொருள் அதிகம் வழங்குகிறதோ அதை முதலில் போடும், பழைய பொருளைக் கடைசியில் போடும் அல்லது விட்டுவிடும். அதன் வேலை அதுதான். நான் சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வேறு. ஒரு சொல் ஆங்கிலத்தில் முதலில் என்ன பொருளில் வந்தது என்று தொடங்கி, நூற்றாண்டு நூற்றாண்டாக ஆதார வரிகளோடு இறங்கி வரும். 1879இல் ஜேம்ஸ் மர்ரே பொறுப்பேற்றார். தோட்டத்தில் போட்ட இரும்புத் தகடுக் கொட்டகையில் உட்கார்ந்து, ஊர் ஊராக வாசகர்கள் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினார். 1884இல் முதல் பகுதி வந்தபோது 'ஏ' எழுத்தே முடிந்திருக்கவில்லை. 1915இல் அவர் இறந்தார். வேலை முடிந்தது 1928இல், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு. 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் எப்படியோ தொலைந்து, அது இல்லாமலேயே அந்தப் பகுதி அச்சாகிவிட்டது. அடிமைப்பெண் என்று பொருள். உங்கள் தாத்தாவின் பைபிளில் லேவியராகமத்தில் அது இருக்கிறது. 1933இல் வந்த பின்னிணைப்பில்தான் அதற்கு இடம் கிடைத்தது. மர்ரே உயிரோடு இருக்கும்வரை அந்த விடுபடல் அவரை உறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த அகராதியில் ஒருமுறை ஏறிய சொல்லை எடுப்பதில்லை. வழக்கில் இல்லாத சொல்லுக்கு முன்னால் ஒரு சிறிய கத்திக்குறி போடுவார்கள். உங்கள் கைபேசி காட்டும் அடைமொழிகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் 'பழசு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. 'ஆப்சலீட்' என்றால் யாரும் பயன்படுத்தாதது. 'ஆர்க்கைக்' என்றால் பேச்சில் செத்தாலும் ஜெபத்தில், சட்டத்தில், கவிதையில் மூச்சு விடுவது. 'தௌ' இந்த இனம். 'டேட்டட்' என்றால் தாத்தா தலைமுறை சொல்வது, ரேடியோவை 'வயர்லெஸ்' என்பதுபோல. 'ஹிஸ்டாரிக்கல்' என்றால் சொல் சரியாகத்தான் இருக்கிறது, பொருள்தான் உலகில் இல்லை. பென்னியில் கால் பங்கான 'ஃபார்த்திங்' நாணயம் 1960 முடிவோடு செல்லாமல் போனது, ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை. நமக்கு அணா மாதிரி. இந்த அடைமொழிகள் நாட்டுக்கு நாடும் மாறும். 'ஃபோர்ட்நைட்', 'த்ரைஸ்' இரண்டும் அமெரிக்கர் காதுக்குப் பழசு, நம் அலுவலகங்களில் தினமும் புழங்குபவை.

புத்தகம் எந்தக் காலத்ததோ அந்தக் காலத்து அகராதியைப் பாருங்கள், இதுதான் என் பரிந்துரை. 18ஆம் நூற்றாண்டு நூல்களுக்கு சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'நைஸ்' பாருங்கள். நல்லது, இனியது என்று தொடங்காது, நுணுக்கம், அளவுமீறிய நுணுக்கம் என்று தொடங்கும். 'நெர்வஸ்' என்றால் பதற்றம் இல்லை, நரம்பு முறுக்கேறிய பலம். 19ஆம் நூற்றாண்டுக்கு 1913ஆம் வருட வெப்ஸ்டர் பெரிய அகராதி, அதுவும் இலவசம். சில நேரம் நாவலே விளக்கிவிடும். ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் வருட நாவலில் 'கேண்டர்' என்று வரும். இன்று அது ஒளிவுமறைவின்றிப் பேசுவது. எலிசபெத் தன் அக்கா ஜேனிடம் அதைப் பற்றிப் பேசும்போது, எல்லோரிடமும் உள்ள நல்லதை மட்டும் எடுத்து, அதை இன்னும் நல்லதாக்கி, கெட்டதைச் சொல்லாமல் விடும் குணத்தை அந்தச் சொல்லால் குறிக்கிறாள். இன்றைய பொருளோடு படித்தால் ஜேன் முகத்துக்கு நேரே பேசும் பெண்ணாகிவிடுவாள். கதையே கெட்டுப்போகும்.

கும்பினி காலத்துச் சென்னை ஆவணங்களைப் படிக்க நேர்ந்தால் ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி இல்லாமல் முடியாது. 1886இல் வெளிவந்தது. ஹென்றி யூலும், சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்து தஞ்சாவூர் அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்த பர்னெலும் சேர்ந்து செய்தது. அச்சைப் பார்க்காமலேயே 1882இல் பர்னெல் இறந்துவிட்டார். அதில் 'கானிகாப்பொலி' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் பார்க்கும்போது கிரேக்கச் சொல்லோ என்று தோன்றும். வாய்விட்டு மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: கணக்கப்பிள்ளை. 'டோப்' என்றால் தோப்பு, 'சௌல்ட்ரி' சாவடியிலிருந்து, 'பாலிகார்' பாளையக்காரர். ஆங்கிலேயருக்கு இவை செத்துப்போன சொற்கள். நமக்கு வீட்டுச் சொற்கள்.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்று. ஒரு பக்கத்தை முதலில் அகராதியைத் தொடாமல் படித்துவிடுங்கள். எல்லாச் சொல்லும் தெரிந்திருந்தும் எந்த வரி இடறுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள், தாத்தா செய்தது போல. தேட வேண்டியது அந்த வரியில்தான்.

இப்போது கடிதம். 1938ஆம் வருடம் மே மாதம் 12ஆம் தேதி போட்டது என்றீர்கள். 'அல்ட்.' என்பது 'அல்டிமோ', போன மாதம். 'ப்ராக்ஸ்.' என்பது 'ப்ராக்ஸிமோ', வரும் மாதம். 'இன்ஸ்ட்.' என்று இருந்தால் 'இன்ஸ்டன்ட்', நடப்பு மாதம், நீதிமன்றம் சொல்லும் அதே 'இந்த'. ஆகவே '28 அல்ட்.', '3 ப்ராக்ஸ்.' என்று தாத்தாவுக்கு எழுதியவர், ஏப்ரல் 28 தேதியிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது என்கிறார். ஜூன் 3ஆம் தேதி வருகிறேன் என்கிறார்.